அந்த முதல் கோட் ஒரு கிற்றாரின் சத்தம் இல்லை

பீற்றில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் ‘எ ஹார்ட் டேஸ் நைற்’ பாட்டுத் தொடங்கும்போது ஒரேயொரு தடவை ‘ஜங்’ என்று விழுகிற கோட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) எது, அதைக் கிற்றாரில் எப்படி வாசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிற்றாரை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை மணித்தியாலம் மினக்கெட்டாலும் அந்தச் சத்தம் வராது. அங்கே கேட்பது பல பேர் ஒரே நொடியில் அடித்தது.

பாட்டு 1964 ஏப்ரல் 16இல் லண்டன் அபே றோட் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவானது. இதே பெயரில் வந்த படத்துக்கும் அல்பத்துக்கும் இதுதான் தொடக்கப் பாட்டு என்பதால், தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினுக்கு ஆரம்பமே ஆளை நிமிர வைக்கவேண்டும். ஜோர்ஜ் ஹரிசனிடம் பன்னிரண்டு கம்பி றிக்கன்பேக்கர் கிற்றார், ஜோன் லெனனிடம் ஆறு கம்பிக் கிற்றார், போல் மக்கார்ட்னியிடம் பேஸ் கிற்றார், பியானோவில் மார்ட்டின்.

ஹரிசன் பிடித்ததை அவரே 2001இல் இணையத்தில் ரசிகர்களுக்குச் சொல்லியிருக்கிறார்: எஃப் கோட், அதன் மேலே ஒரு ஜி. அடியில் உள்ள சுரத்தைப் போலிடம்தான் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். நீங்கள் வழக்கமான சின்ன எஃப் பிடித்து, சுண்டு விரலை முதலாம் கம்பியின் மூன்றாம் கட்டத்தில் வையுங்கள், அதுதான். பன்னிரண்டு கம்பியில் தடித்த நான்கு சோடிகளிலும் ஒரு கம்பி ஒரு ஸ்தாயி மேலே இருக்கும், அந்த மினுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் முழு விஷயமும் போல் வாசித்த டி சுரத்தில்தான் இருக்கிறது. எஃப் கோட்டுக்கு அடியில் டி வந்தவுடன் அது சந்தோசமா சோகமா என்று சொல்லமுடியாமல் அந்தரத்தில் நிற்கிறது, அந்த நிற்பு எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது. அந்த டி தாழ்ந்த சுரம். போன் ஸ்பீக்கரில் அது சரியாக வரவே வராது, வன்னியில் எங்களில் முக்கால்வாசிப் பேர் பாட்டுப் பழகுவது போனில்தான், அதனால்தான் இங்கே பலர் மேலே இருக்கிற எஃப்பை மட்டும் பிடித்துவிட்டு ஏதோ குறைகிறது என்று தலையைச் சொறிகிறார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய பொக்ஸில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நல்ல ஹெட்போனில் ட்ரெபிளை (மேல் சத்தத்தை) முழுக்கக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

பியானோவைப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். நான்கு ட்ராக் ரேப்பில் பல வாத்தியங்கள் ஒரே ட்ராக்கில் கலந்து கிடந்தன. 2004இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன், ஃபூரியர் முறையில் அந்தச் சத்தத்தை அதிர்வெண்களாக உடைத்துப் பார்த்தார். கிற்றார்களால் மட்டும் விளக்கமுடியாத அதிர்வெண்கள் இருந்ததால், பியானோ உள்ளே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். பிறகு கனடியக் கிற்றார் கலைஞர் றண்டி பக்மன், மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் தனித்தனியாகப் போட்டுக்காட்டிய ஒலிகளைக் கேட்டுவிட்டு, லெனன் வாசித்தது டி சஸ் போர் (டி, ஜி, ஏ சேர்ந்த கோட்) என்று சொன்னார். லெனனும் ஹரிசனின் கோட்டையேதான் பிடித்தார் என்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் இந்தச் சண்டையில் நிற்கத் தேவையில்லை, லெனனின் பங்கு எப்படி இருந்தாலும் அடியில் டி இருந்தால் காது ஏற்றுக்கொள்கிறது.

கிளிநொச்சியில் எங்கள் சேர்ச் பாடகர் குழுவில் பன்னிரண்டு கம்பி யாரிடமும் இல்லை. நாங்கள் செய்தது இதுதான்: ஒருவர் அந்த எஃப்பைப் பிடிக்க, இன்னொருவர் அதே சுரங்களைக் கழுத்தில் மேலே போய் ஒரு ஸ்தாயி கூட்டிப் பிடித்தார், பேஸில் ‘ஏ’ கம்பியின் ஐந்தாம் கட்டத்தில் டி, கீபோட்டில் பியானோ சத்தம் வைத்துக் கீழே டியும் ஜியும், சஸ்டெய்ன் பெடலை அமத்தியபடி. எல்லாரும் ஒரே அடியில் இறங்கவேண்டும், கொஞ்சம் முன்பின்னானாலும் கோட் உடைந்து நான்கு வாத்தியமாகக் கேட்கும். அடித்த பிறகு யாரும் கம்பியைத் தொடக்கூடாது, பெடலையும் விடக்கூடாது, தானாக மங்கட்டும். கீபோட்காரரைக் கொஞ்சம் மெல்லமாக அடிக்கச் சொல்லுங்கள். பியானோ தனியாகத் தெரிந்தால் அது கூடிப்போய்விட்டது.