சில் பெட்டிக்குள் ஒளிந்த துரு: பழைய எம்ஜிபி வாங்கிய தம்பிக்கு

கேள்வி: அண்ணா, நான் டர்பன் இசிப்பிங்கோவில் இருக்கிறேன். கடலோரப் பிளஃப் பக்கம் ஒருவரிடம் 1973 எம்ஜிபி ஜிடி வாங்கினேன், கூரை வைத்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், பார்க்கப் பளிச்சென்று இருந்தது, இன்ஜினும் நன்றாக ஓடுகிறது. கையில் இன்னும் 60,000 ராண்ட் இருக்கிறது. பெயின்ட், சீட், குரோம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கார்ப்பெட்டைத் தூக்கினால் டிரைவர் பக்கத் தரையின் ஓரம் கையோடு பொடிந்து வருகிறது. கதவுக்குக் கீழே குத்திப் பார்த்த ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இருந்த பளபளப்பான ஸ்டீல் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு தகடு, அதற்கும் உள்ளே இன்னொரு மக்கிய தகடு! பக்கத்து வெல்டர், "மேலே ஒரு பிளேட் வைத்து ஒரே நாளில் முடிச்சுத் தர்றேன்" என்கிறார். செய்யலாமா? தைப்பூசத்துக்குள் வண்டியை ரோட்டில் இறக்க முடியுமா? விற்றவரிடம் பணம் கேட்கலாமா? இல்லை, பேசாமல் விற்றுவிடவா?

பதில்: முதலில் வெல்டர் விஷயம். வேண்டாம் தம்பி. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்களுக்கு முன்னால் யாரோ அதே வேலையைத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கவரைக் கழற்றியதும் முதலில் தெரிந்த தகடு அதுதான். மக்கிய இரும்பின் மேல் புது இரும்பை ஒட்டி, அதன் மேல் கவரை மாட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றை ஒட்டினால் வெல்டிங் சூட்டில் பழைய தகடு இன்னும் மெலியும், இடுக்கில் ஈரம் தங்கும், இரண்டு மழைக்காலம் தாண்டாது.

அந்த இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால் மற்ற முடிவுகள் தானாக வரும். எம்ஜிஏ என்ற முந்தைய மாடலுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. 1962-இல் வந்த எம்ஜிபிக்குக் கிடையாது, பாடியேதான் சேசிஸ். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அது ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுவில் நிற்கும் ஒரு தடுப்பு, உள்தகடு, அடியில் காஸில் ரயில் என்கிற வளைந்த பட்டை, ஆக நான்கும் சேர்ந்து ஸ்பாட் வெல்டில், அதாவது புள்ளி புள்ளியாகப் போட்ட வெல்டில், ஒரு பெட்டியாக நிற்கின்றன. வெளியிலிருந்து தெரிவது வெளித்தகடு மட்டும், அதுவும் பாதிதான். மீதி முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் மட்கார்டு) உள்ளேயும் பின் விங்குக்கு உள்ளேயும் போய்விடுகிறது. மேலே பிளேட் வைக்கிறவர் கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பாதியை மட்டும்தான் தொடுகிறார். உங்கள் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை போனதென்றால் நடுத்தடுப்பும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஜிடிக்குக் கூரை இருப்பதால் திறந்த வண்டி மாதிரி நடுவில் சட்டென்று தொய்யாது. அதனாலேயே ஆபத்து தாமதமாகத்தான் தெரியும். சமதளத்தில் நிறுத்திக் கதவை மூடிவிட்டு, கதவின் பின் விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருந்தால் வண்டி ஏற்கனவே தொய்ந்துவிட்டது. மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்று மட்டும் கேளுங்கள், வண்டியோடு வந்த ஜாக்கைச் சில் பக்கத்து ஜாக் பாயின்ட்டில் கொடுக்காதீர்கள். மக்கிய வண்டியில் ஜாக் மேலே ஏறும், வண்டி ஏறாது. முன்னால் கிராஸ்மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்துக்கும் பின்னால் ஆக்ஸிலுக்கும் கீழே கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும்.

இப்போது பெயின்ட், சீட், குரோம் கணக்கை எல்லாம் ஓரமாக வையுங்கள். இன்னும் எங்கெல்லாம் துரு இருக்கிறது என்று முழுதாகத் தெரியும் வரை ஒரு ராண்ட்கூடச் செலவழிக்க வேண்டாம். தேடுவதற்குப் பெரிய செலவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், டார்ச், போனில் செருகிப் பார்க்கிற பாம்புக் கேமரா போதும். காந்தம் பிடிக்காத இடத்தில் ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு டங்கென்று பேசும். மக்கிய தகடும் பட்டியும் தொப்பென்று ஊமையாகிவிடும். பெயின்ட்டில் கொப்புளம் கண்ட இடத்தை வெறும் கொப்புளம் என்று நினைக்காதீர்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும், அதுதான் பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே ஓட்டை விழுந்தாயிற்று.

எங்கெங்கே பார்ப்பது? முன்சக்கரத்துக்குப் பின்னால், விங்குக்கு உள்ளே ஒரு மறைப்புத் தகடு நிற்கும். அதன் ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்கும். ஐம்பது வருட ரப்பர் சுருங்கிப்போய், சக்கரம் வாரியடிக்கிற சேறு அந்தச் சந்துக்குள் குவிந்து கிடக்கும். சில் பெட்டியின் முன் முனையும் கதவுத் தூணின் அடியும் அங்கேதான் மக்கத் தொடங்கும். எம்ஜிபியின் முன் விங் போல்ட்டில் நிற்பதால் கழற்றிப் பார்க்கலாம், அது ஒரு பெரிய வரம். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய நாளே எண்ணெய் ஊற்றி ஊற வையுங்கள்.

அடுத்தது வைப்பருக்குக் கீழே காற்று போகிற கிரில். அதற்குள் விழும் மழைநீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக அடியில் வடிய வேண்டும். இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று, அங்கிருந்து கேபினுக்குள் இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட்டில் ஊறும். உங்கள் தரையின் ஓரம் பொடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரை கிரிலில் ஊற்றி, அடியில் எத்தனை நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். வடியவில்லை என்றால் எத்தனை புதுத் தகடு போட்டாலும் வீண்.

உங்கள் வண்டி 1973 என்பதால் சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், அல்லது யாராவது ஒரே 12 வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள். ஆசிட் சொட்டிச் சொட்டி அந்தப் பெட்டிகள் மக்கியிருக்கும். அங்கிருந்து ஒரு கையளவு தள்ளித்தான் பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் பிடிமானம். அது நன்றாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் விடாதீர்கள். பெட்ரோல் டேங்கின் மேல் பக்கத்தில் தூசியும் ஈரமும் தங்கி மேலிருந்து ஓட்டை விழும். பின் கதவின் அடி விளிம்பு, கதவுகளின் அடித் துவாரங்கள் எல்லாம் சில்லறை வேலை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் ரோட்டில் உப்புப் போடுவதில்லை என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பிளஃப்பில் நின்ற வண்டிக்குக் கடல் காற்றே போதும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் சில் பெட்டியின் உட்பக்கம் காயவே காயாது, உப்புப் படிந்த இரும்போ காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். இசிப்பிங்கோக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. பக்கத்து ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து, ஆயிரக்கணக்கான புது வண்டிகளை விற்காமல் அழித்தார்கள். பழைய வண்டி வைத்திருந்த தனி ஆட்கள் எல்லோரும் அப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பாம்புக் கேமராவை சில் பெட்டிக்குள் விட்டுப் பாருங்கள். மெல்லிய மண் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் படிந்திருந்தால் வண்டி குளித்து எழுந்திருக்கிறது. அப்படியானால் வயரிங், பிரேக், பேரிங் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.

இனிப் பணம். உங்கள் 60,000-ஐ இரும்புக்கே வையுங்கள். சீட் கிழிந்திருந்தாலும் வண்டி ஓடும், சில் பெட்டி போனால் ஓடக்கூடாது. எம்ஜிபியில் ஒரு நிம்மதி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-இல் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து முழு பாடியையே புதிதாக அடிக்கத் தொடங்கியது. சில் பெட்டியின் பாகங்கள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. விலை குறைந்த வேறு தயாரிப்புகளும் உண்டு, ஆனால் பொருந்தாத மலிவுத் தகட்டை வளைத்துப் பொருத்துவதற்கு ஆகும் கூலியில் மிச்சம் பிடித்தது போய்விடும். சில் பெட்டிக்கு நல்லதை வாங்குங்கள், தரைத் தகட்டில் வேண்டுமானால் சிக்கனம் பிடியுங்கள்.

கூலியில்தான் உண்மையான மிச்சம். பிரிப்பது, சுரண்டுவது, வண்டியின் அடியில் பூசிய பழைய அண்டர்சீல் பூச்சை உரிப்பது, ஸ்பாட் வெல்டுகளை டிரில் போட்டு எடுப்பது, இவை நேரம் தின்னும் வேலை, திறமை அதிகம் கேட்காது. இவற்றை நீங்களே செய்யுங்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தத் தூசியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெல்டிங் மட்டும் நாள் கூலிக்கு ஒரு நல்ல ஆளிடம் விடுங்கள். வேலை தெரிந்தவரா என்று அறிய, 1 மில்லிமீட்டர் தகட்டில் 0.6 மில்லிமீட்டர் மிக் வெல்டிங் வயரால் ஒரு துண்டு வெல்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு இரும்புக் கேட் செய்கிறவருக்கும் வண்டி பாடி செய்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

அவர் வெட்டத் தொடங்குவதற்கு முன் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக நில்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். வெட்டுவதற்கு முன், கதவின் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை சதுரக் குழாயால் ஒரு பிரேஸ் (தாங்குசட்டம்) கொடுக்க வேண்டும், ஜிடியாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு தகட்டையும் முழு வெல்ட் போடுவதற்கு முன், சின்னப் புள்ளியாகப் பிடித்து, கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வெல்ட் போட்ட வண்டியில் கதவு பிறகு எப்போதும் மூடாது, அதைச் சரிசெய்ய மறுபடி வெட்டித்தான் ஆக வேண்டும். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்த பிறகே நெருப்பு. அண்டர்சீல் தீப்பிடித்தால் சத்தமில்லாமல் எரியும், ஆகவே தீயணைப்பானோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

இரண்டு தகடு சேரும் இடங்களில் வெல்டுக்கு முன் துத்தநாகப் பிரைமர். எல்லாம் முடிந்து வெளியே பெயின்ட் அடித்த பிறகு, பெட்டிக்குள் நீண்ட குழாயால் கேவிட்டி மெழுகு. மெழுகை முதலில் அடித்துவிட்டுப் பிறகு வெல்ட் போட்டால் எரிந்து புகையும். துருமாற்றி திரவம் பற்றிக் கேட்பீர்கள். மேல்துருவுக்கு நல்லது. போன இரும்பை அது திருப்பித் தராது.

தைப்பூசத்துக்கு உம்கேனி ரோடு கோயிலுக்கு வேறு வண்டியில் போய்ச் சாமி கும்பிடுங்கள். வேலை முடியும் தேதியை முருகனே சொல்ல முடியாது. ஜிடியைப் பளபளப்பு இல்லாமல் ஒரு வருடம் ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வெறும் சாம்பல் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே மேலே ஒரு சாதாரண டாப் கோட்டாவது வேண்டும், பளபளப்பு தேவையில்லை.

விற்றவர் விஷயம். அவர் வண்டி வியாபாரியாக இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். வாங்கிய 6 மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பலாம். தனி ஆள் என்றால் அந்தச் சட்டம் வராது, ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே விற்பனை, என்று எழுதியிருந்தால் பொதுவாக அவர் தப்பிப்பார். ஆனால் குறை தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. சிக்கல் என்னவென்றால் மக்கிய இரும்பின் மேல் அந்தத் தகட்டை ஒட்டியது அவரா, அவருக்கு முந்தியவரா என்பதுதான். பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து வையுங்கள். முதலில் தன்மையாக ஒரு கடிதம். 20,000 ராண்ட் வரையான கோரிக்கைக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை விங்கைக் கழற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சில் பெட்டிகள், தரை, ஒரு பேட்டரிப் பெட்டி, இவ்வளவுதான் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், எம்ஜிபியில் இது வழக்கமான வேலை. இத்தோடு கதவுத் தூணின் அடி, ஸ்பிரிங் பிடிமானம், முன் கண்ணாடிக்குக் கீழ்ப் பகுதி மூன்றும் போயிருந்தால், கடலிலிருந்து தள்ளி ஹைவெல்டிலோ கரூவிலோ நின்ற ஒரு ஓடாத வண்டியைத் தேடுங்கள். அங்கே வெயில் ரப்பரையும் டாஷ்போர்டையும் தின்றிருக்கும், இரும்பு தப்பியிருக்கும். உங்கள் நல்ல இன்ஜினை அதில் இறக்கலாம், இன்ஜின் எண் மாற்றத்தைப் பதிவு செய்ய போலீஸ் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். சேசிஸ் எண் தகட்டை மட்டும் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம்.

வண்டியை உங்கள் பெயருக்கு இன்னும் மாற்றவில்லை என்றால், ரோட்வொர்த்தி சான்றிதழுக்குப் போகும் முன் இந்த வேலையை முடிக்க வேண்டியிருக்கும். இந்த நிலையில் நேர்மையான டெஸ்ட் ஸ்டேஷன் எதுவும் பாஸ் போடாது. மாற்றுவதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே இந்த வாரமே பதிவு அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். விங்கைக் கழற்றியதும் சில் பெட்டியின் முன் முனையை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.