பழைய பத்திரத்தாளை ஒட்டினால் அட்டை வளைகிறது: பதில்

வணக்கம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த, சங்கு முத்திரை கொண்ட திருவிதாங்கூர்ப் பத்திரத்தாளைக் கொலாஜுக்காக (தாள் துண்டுகளை ஒட்டி உருவாக்கும் படம்) ஒட்டியபோது மை கரைந்து அட்டையும் வளைந்துவிட்டதாகத் தக்கலையிலிருந்து எழுதியிருந்தீர்கள். ஈரத்தில் விரியும் தாள் உலரும்போது சுருங்கி அட்டையை இழுப்பதே வளைவுக்குக் காரணம். ஆகவே அட்டையின் பின்புறத்திலும் அதே பசையால் ஒரு சாதாரணத் தாளை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்திருங்கள். எழுத்தின் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றும்போது நிறம் ஏறினால், அந்தத் தாளுக்கு நீர் கலந்த பசை ஆகாது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956-க்கு முந்தைய மூலத்தை வெட்ட எனக்கென்னவோ மனம் வராது. லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். அதன் மை நீரில் கரையாது. இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மைதாப் பசை எளிதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், நன்றாக உலர்ந்த பிறகே சட்டமிடுங்கள்.