மேடிசனுக்கு ஒரு பேஸ்பால் அணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளில் புழங்கும் பணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் வசிக்கிறேன். என் மகன் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சராக, அதாவது பந்தெறிபவராக, ஆடுகிறான். இங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1991-இல் தன் பேஸ்பால் அணியைக் கலைத்தது. பிக் டென் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பின் 18 பல்கலைக்கழகங்களில் பேஸ்பால் இல்லாதது இது ஒன்றுதான். திறமையுள்ள பிள்ளைகள் மினசோட்டாவுக்கும் அயோவாவுக்கும் போய்விடுகிறார்கள். குளிர்தான் காரணம் என்கிறார்கள் சிலர். பெண்களுக்குச் சம வாய்ப்பை வலியுறுத்தும் டைட்டில் நைன் சட்டம்தான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். அமெரிக்கக் கால்பந்தில் இவ்வளவு சம்பாதிக்கும் பல்கலைக்கழகத்தால் ஒரு பேஸ்பால் அணியை வைத்துக்கொள்ள முடியாதா? அணியை மீண்டும் தொடங்கும்படி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். அதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
மேடிசனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணியின் முழுச் செலவையும் என்றென்றைக்கும் தாங்கக்கூடிய வைப்புநிதி ஒன்று கைக்கு வந்து சேராத வரை, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பேஸ்பாலை மீண்டும் தொடங்கக் கூடாது என்றே நினைக்கிறேன். பேஸ்பால் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆண்டுதோறும் மாறும் வரவுசெலவுத் திட்டத்தை நம்பித் தொடங்கப்படும் அணி, அடுத்த பற்றாக்குறையில் முதலில் வெட்டப்படும் அணியாகவே இருக்கும் என்பதும், அந்த வெட்டு விழும்போது அடிபடுவது முடிவெடுத்தவர்கள் அல்ல, இருபது வயது மாணவர்கள் என்பதும்தான் என் கவலை.

1991-இல் நடந்ததைச் சரியாகப் பார்க்க வேண்டும். அன்று கலைக்கப்பட்டது பேஸ்பால் மட்டும் அல்ல. ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் ஜிம்னாஸ்டிக்ஸ், இரு பிரிவிலும் வாள்வீச்சு என மொத்தம் ஐந்து அணிகள் ஒரே முடிவில் போயின. பெண்கள் அணிகள் இரண்டைக் கலைத்த ஒரு முடிவைப் பெண்களுக்கான சட்டத்தின் தலையில் கட்டுவது எப்படிப் பொருந்தும்? காரணம் கடன். விளையாட்டுத் துறை பற்றாக்குறையில் மூழ்கியிருந்தது, கால்பந்து அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது, அரங்கம் காலியாகக் கிடந்தது. அப்போது விளையாட்டு இயக்குநராக இருந்த பாட் ரிக்டர் அதே பல்கலைக்கழகத்துக்காகக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றிலும் ஆடிப் பெயர் வாங்கியவர். தான் ஆடிய அணியையே கலைக்கும் நிலைமை அவருக்கு வந்தது. பாரி ஆல்வரெஸ் என்ற பயிற்சியாளரை 1990-இல் கொண்டுவந்து கால்பந்தைத் தூக்கி நிறுத்தியவரும் அவரே. 1994 ஜனவரியில் அந்த அணி ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தை வென்றது. பணம் வரத் தொடங்கியபோது பெண்கள் சாஃப்ட்பால் 1996-இலும், பெண்கள் ஐஸ் ஹாக்கி 1999-இலும் சேர்க்கப்பட்டன. அந்த ஹாக்கி அணி 2025 வரை எட்டு முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. ஆக, பணம் வந்தபோது அது எங்கே போக வேண்டும் என்று பல்கலைக்கழகம் தெரிந்தேதான் முடிவெடுத்தது. அந்த முடிவு வீண்போகவும் இல்லை.

குளிர் என்ற காரணத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். மேடிசனுக்குச் சற்றும் குறையாத குளிரடிக்கும் மினசோட்டாவின் பல்கலைக்கழகம் 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. மிச்சிகன் 2019-இல் இறுதிச் சுற்று வரை போய் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. விஸ்கான்சினே 1950-இல், தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் கல்லூரி உலகத் தொடர் ஒமஹா நகருக்கு வந்த முதல் ஆண்டிலேயே, அங்கே ஆடியிருக்கிறது. ஆகவே குளிரில் பேஸ்பால் ஆட முடியாது என்பதில்லை. ஆனால் குளிருக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் மாணவர்கள். கல்லூரிப் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது, ஓர் அணி அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம். பிப்ரவரியில் மெண்டோட்டா ஏரி உறைந்து, மக்கள் அதன்மேல் நடந்துபோய் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் ஊரில் உள்ளூர் ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே வடக்கத்தி அணிகள் முதல் நான்கு வாரங்களைத் தெற்கு மாநிலங்களில் பயணத்திலேயே கழிக்கின்றன. வியாழக்கிழமை விமானம் ஏறி ஞாயிறு இரவு திரும்பும் மாணவர் திங்கட்கிழமை வேதியியல் ஆய்வகத்தில் எந்த நிலையில் நிற்பார் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பருவத்தைத் தள்ளிவைக்கும்படி வடக்கிலுள்ள பயிற்சியாளர்கள் பலமுறை கேட்டுப் பார்த்தும் தெற்கத்திப் பல்கலைக்கழகங்கள் அசையவில்லை.

மினியாபொலிஸில் வேலை பார்த்த காலத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சீபர்ட் மைதானத்தில் ஓர் ஏப்ரல் மாத ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் பிட்சர் விரல்களை உதட்டருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டிருந்தார். சாதாரண நாட்களில் தடைசெய்யப்பட்ட அந்தச் செயலுக்குக் குளிரை முன்னிட்டு நடுவர் அனுமதி கொடுத்திருந்தார். உலோக மட்டையின் கைப்பிடியை ஒட்டிப் பந்து பட்டபோதெல்லாம் ஆட்டக்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பார்வையாளர்களில் பெரும்பாலோர் ஆடுபவர்களின் பெற்றோர்கள் என்பது அவர்கள் கூப்பிட்ட பெயர்களிலிருந்தே தெரிந்தது. உங்கள் ஊர் நிலவரத்தையும் நீங்கள் அறிவீர்கள். கோடையில் வார்னர் பூங்காவில் மேடிசன் மல்லார்ட்ஸ் என்ற பேஸ்பால் அணி ஆடும்போது ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். அந்த அணியில் ஆடுபவர்களும் கல்லூரி மாணவர்கள்தான். அதாவது மேடிசனில் பேஸ்பாலுக்கு ஆள் இல்லாமல் இல்லை. மே மாதத்தோடு அநேகமாக முடிந்துவிடும் பல்கலைக்கழகப் பருவம்தான் அந்த ஊருக்கு ஒத்துவரவில்லை.

டைட்டில் நைன் 1991-இன் குற்றவாளி இல்லை என்றேன். ஆனால் இன்று அணியைத் தொடங்க நினைத்தால் அந்தச் சட்டம் குறுக்கே நிற்கும் என்பது உண்மை. 1972-இல் வந்த அந்தச் சட்டத்தை விளையாட்டில் நிறைவேற்றியதாகக் காட்ட மூன்று வழிகள் உள்ளன. மாணவர் எண்ணிக்கையில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ ஏறத்தாழ அதே விகிதத்தில் அணிகளிலும் இருப்பது ஒன்று. பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து விரிவாக்கி வருவதாகக் காட்டுவது இன்னொன்று. பெண்களின் விருப்பமும் திறனும் முழுமையாக நிறைவு செய்யப்பட்டுவிட்டதாகக் காட்டுவது மூன்றாவது. எண்ணிக்கையைச் சரிக்கட்டும் முதல் வழியே பாதுகாப்பானது என்பதால் பெரும்பாலான நிர்வாகங்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. பேஸ்பால் அணியில் 34 பேர். அத்தனை ஆண்களைச் சேர்த்தால் அதே அளவுக்குப் பெண்களுக்கும் புதிய அணி ஒன்றைத் தொடங்கியாக வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது ஓர் அணி, பல்கலைக்கழகம் செலவழிக்க வேண்டியது இரண்டு அணிகளுக்கு. இதற்காகப் பெண்கள் மீது கோபப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். பெண்களில் இணை என்று சொல்ல எந்த அணியும் இல்லாமல் கால்பந்து ஒன்றே 105 இடங்களை எடுத்துக்கொள்கிறது. ஆண்களுக்கான இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். ஆனால் அதை யாரும் தொடத் துணிவதில்லை.

கால்பந்து சம்பாதிக்கிறதே என்று கேட்கிறீர்கள். அந்த வருமானத்துக்கு இப்போது புதிய பங்காளிகள் வந்துவிட்டார்கள். 2025 ஜூன் மாதம் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி ஆட்டக்காரர்கள் வருமானத்தில் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, முந்தைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு தரப்படுகிறது. அதோடு 2025–26 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம்; முதல் ஆண்டில் அதன் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். கொடுக்கலாம் என்பது ஏட்டில் உள்ளது. போட்டியில் நிற்க விரும்பும் பிக் டென் பல்கலைக்கழகத்துக்கு அது கொடுத்தாக வேண்டிய பணம். பேஸ்பாலின் செலவும் அதே சமரசத்தால் உயர்ந்துவிட்டது. முன்பு ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகள்தான் உச்சவரம்பு. அதைப் பலர் பிரித்துக்கொள்வார்கள், ஆகவே பெரும்பாலான வீட்டார் கையிலிருந்து பணம் கட்டினார்கள். இப்போது அந்த வரம்பு போய், 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம் என்றாகிவிட்டது. பிக் டென் 2024-இல் பசிபிக் கரை வரை விரிந்துவிட்டதால், வார இறுதித் தொடர் ஒன்றுக்காக மேடிசனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ சியாட்டிலுக்கோ பறக்க வேண்டும். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் போல ஒரு வார இறுதியில் பத்தாயிரம் பேர் அரங்கை நிரப்பும் இடங்கள் தெற்கில் சில உண்டு. மேடிசன் அந்தக் கணக்கில் வராது.

ஓரிகன் பல்கலைக்கழகத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பார்க்கலாம். 1981-இல் அங்கே கலைக்கப்பட்ட பேஸ்பால் 2009-இல் திரும்பி வந்தது. பக்கத்து ஊரான கோர்வாலிஸில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2006, 2007 இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றதில் பிறந்த ரோஷமும் அதில் கலந்திருந்தது. காப்பீட்டுத் தொழிலில் பெரும்பணம் ஈட்டிய பாட் கில்கென்னி விளையாட்டு இயக்குநராக இருந்தார்; கொடையாளர்கள் இருந்தார்கள்; 2004-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் பல்கலைக்கழக அணிக்குப் பட்டம் வாங்கித் தந்த ஜார்ஜ் ஹார்ட்டன் பயிற்சியாளராக வந்தார்; புது அரங்கமும் எழுந்தது. இவ்வளவும் இருந்தும் முதல் பருவத்தில் 14 வெற்றி, 42 தோல்வி. 2012-இல் ஒமஹாவுக்கு ஒரு வெற்றி தூரத்தில் நின்று தோற்றார்கள். தோற்கடித்தது, குளிர் மிகுந்த ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகம். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. பேஸ்பாலை அறிவித்த அதே 2007-ஆம் ஆண்டில் ஓரிகன் தன் மல்யுத்த அணியைக் கைவிடுவதாகவும் அறிவித்தது.

பாய்ஸி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை இதைவிடக் கொடியது. அதுவும் 2017-இல் மல்யுத்தத்தைக் கலைத்துவிட்டு பேஸ்பாலைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. மூன்று ஆண்டு ஏற்பாட்டுக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அணி களமிறங்கி 14 ஆட்டங்கள் ஆடியது. மார்ச்சில் கொரோனா வந்தது. ஜூலையில் பணமில்லை என்று பேஸ்பாலையும் நீச்சலையும் சேர்த்துக் கலைத்துவிட்டார்கள். மல்யுத்தமும் போயிற்று, அதன் இடத்துக்கு வந்ததும் போயிற்று. புது அணியில் சேர்வதற்காக வேறு அழைப்புகளை மறுத்துவிட்டு வந்த மாணவர்கள், முதல் பருவமே முடியாத நிலையில் வேறு கல்லூரிகளைத் தேடிப் போனார்கள்.

உங்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். தொழில்முறை பேஸ்பாலின் ஆட்டக்காரர் தேர்வு முன்பு 40 சுற்றுகளாக இருந்தது, 2021 முதல் 20 ஆகிவிட்டது. அதே ஆண்டில், இளம் ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் அணிகளும் சுமார் நாற்பது குறைக்கப்பட்டன. இதனால் பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறைக்குப் போகும் வழி குறுகி, கல்லூரி அணிகளின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. ஆயினும் மேடிசனில் அணி வந்தால் விஸ்கான்சின் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன். 34 இடங்கள் என்ற கட்டுப்பாடும், கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் சுதந்திரமும் சேர்ந்து, பயிற்சியாளர்களைப் பதினெட்டு வயதுப் பையனைவிட, வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடித் தேறிய இருபத்தோரு வயதுக்காரரையே தேட வைத்திருக்கின்றன. தோற்கக் கூடாது என்ற அவசரத்தில் இருக்கும் புது அணி இதை இன்னும் அதிகமாகவே செய்யும்.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். ஆனால் கோரிக்கையை மாற்றி எழுதுங்கள். பேஸ்பாலுக்கும் அதற்கு ஈடான பெண்கள் அணிக்குமாக இரண்டு தனி வைப்புநிதிகளைத் தொடங்கவும், நிதி முழுமையாகும் வரை அணியை அறிவிக்காமல் இருக்கவும் கேளுங்கள். ஓர் அணிக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் செலவாகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 4 விழுக்காடு மட்டும் எடுத்துச் செலவிடும் வழக்கப்படி, அந்த ஓர் அணிக்கே ஏழரைக் கோடி டாலர் மூலதனம் வேண்டும். பெரிய தொகைதான், ஆனாலும் பழைய மாணவர்கள் முன்வந்தால் வழி பிறக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் கலைக்கப்படவிருந்த பேஸ்பால் அணியைப் பழைய ஆட்டக்காரர்கள் பணம் திரட்டி 2011 ஏப்ரலில் காப்பாற்றினார்கள். அந்த அணி அதே ஆண்டு ஒமஹா வரை போனது. மேடிசனில் படித்தவர்களிலும் பேஸ்பாலால் வாழ்ந்தவர்கள் உண்டு. மில்வாக்கிக்கு புரூவர்ஸ் அணியைக் கொண்டுவந்து, பின்னர் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கின் ஆணையராகப் பல ஆண்டுகள் இருந்த பட் செலிக் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்தான். கேட்க வேண்டிய கதவுகள் இவர்களுடையவை.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, அவன் கல்லூரிக்குப் போகும் காலத்துக்குள் இது எதுவும் நடக்கப் போவதில்லை என்று கொள்வதே நல்லது. மாநிலத்துக்குள், கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில் பேஸ்பால் ஆட விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகம் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றாம் பிரிவை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் வொயிட்வாட்டர் வளாகத்தின் அணி அந்தப் பிரிவில் 2005-இலும் 2014-இலும் தேசியப் பட்டம் வென்றது. மேடிசனிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம்தான். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடையாது என்பதால் படிப்புச் செலவை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வசந்தத்தில் இரண்டு இடங்களுக்கும் அவனை ஒருமுறை அழைத்துப்போய் ஆட்டம் பார்க்க வையுங்கள்.

அன்புடன்.