சொறியின் பச்சை வெளிச்சம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சொறி (ஜெல்லிமீன்) முதலான கடல் உயிர்களின் ஒளிரும் புரதங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குளச்சலிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் புரதங்களோடு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். இப்போது நாகர்கோவிலில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன்.

டீச்சர், ராத்திரி வலை இழுக்கும்போது சில நாள் தண்ணீர் நீலமாக மின்னுகிறது. நீங்கள் சொல்லும் சொறிப் புரதம்தானா அது? (குளச்சல், மீனவர்)

இல்லை அண்ணா. அது பெரும்பாலும் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அலையோ வலையோ அதை அசைத்தால், அதற்குள் இருக்கும் லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் வினைபுரிந்து ஒரு நொடிக்கும் குறைவாக மின்னும். பெருகிவிட்டால் பகலில் கடல் பச்சைத் திட்டாகத் தெரியும். அளவுக்கு மீறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா கூடும், மீன் சாகும். பச்சைத் திட்டோடு செத்த மீனும் மிதந்தால் மீன்வளத் துறைக்கு உடனே சொல்லுங்கள்.

அப்படியானால் சொறியிலிருந்து எடுத்தது எது? (நாகர்கோவில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரத்தில் வாழும் ஈக்வோரியா விக்டோரியா என்ற சொறியிலிருந்து எடுத்தது. 1961 கோடையில் விஞ்ஞானிகள் ஒசாமு ஷிமோமுராவும் பிராங்க் ஜான்சனும் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரைடே ஹார்பர் என்ற ஊரில் தங்கி அதை அள்ளினார்கள். சொறியின் விளிம்பு மட்டும்தான் ஒளிரும். அதை வெட்டிப் பிழிந்து சாறு எடுத்தார்கள். அமிலம் சேர்த்ததும் ஒளி நின்றது. அமிலத்தை முறித்ததும் கொஞ்சம் திரும்பி வந்தது. வேலை முடிந்து சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினால் பளீரென்று நீல வெளிச்சம்! தொட்டிக்குள் மீன்தொட்டியின் கடல்நீர் வழிந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் ஒளியைத் தூண்டுகிறது என்று ஷிமோமுரா பிடித்துக்கொண்டார். அந்தப் புரதம்தான் ஈக்வோரின். ஏறக்குறைய பத்தாயிரம் சொறிகளிலிருந்து சில மில்லிகிராம்தான் கிடைத்தது.

ஆனால் உயிருள்ள சொறி பச்சையாக அல்லவா ஒளிரும்? ஈக்வோரினின் நீல ஆற்றலை வாங்கிப் பச்சையாக வெளியிடுவது கூடவே வந்த இன்னொரு புரதம். பச்சை ஒளிர் புரதம், சுருக்கமாக ஜிஎஃப்பி. 1962இல் வெளியான கட்டுரையில் அதற்கு ஓர் அடிக்குறிப்புதான் கிடைத்தது.

ஒளிர்ந்தால் ஆராய்ச்சிக்கு என்ன லாபம்? (ஆரல்வாய்மொழி)

மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுகிறோமே, அந்த வேலைதான். செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது, எப்போது உருவாகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதன் மரபணுவோடு ஜிஎஃப்பியின் மரபணுவைச் சேர்த்துவிட்டால், அது போகும் இடமெல்லாம் பச்சையாகத் தெரியும்.

எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. ஜிஎஃப்பி 238 அமினோ அமிலங்களால் ஆன சின்னப் பீப்பாய். அதற்குள் 65, 66, 67ஆம் இடங்களில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள் தாமே மடிந்து வளையமாகி ஒளிரும் பகுதியை உருவாக்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து வேண்டியது ஆக்சிஜன் மட்டும்தான். மின்மினியின் ஒளியை வேறொரு உயிரில் கொண்டுவர, நொதியின் மரபணுவோடு லூசிஃபெரினையும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஜிஎஃப்பிக்கு மரபணு ஒன்றே போதும். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதை பாக்டீரியாவிலும், கண்ணாடி போன்ற உடல்கொண்ட சீ. எலிகன்ஸ் புழுவிலும் வைத்துக் காட்டினார். நீல ஒளி பட்டதும் உயிருள்ள புழுவின் நரம்புச் செல்கள் பச்சையாகத் தெரிந்தன. அதுவரை பெரும்பாலும் உயிரைக் கொன்று, சாயம் ஏற்றித்தான் பார்க்க முடிந்தது. அப்புறம் ராஜர் சியன் அதை இன்னும் பிரகாசமாக்கி, வேறு நிறங்களிலும் உருவாக்கினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈக்வோரினும் சும்மா இருக்கவில்லை. 1967இலேயே பர்னகிள் என்ற, பாறையில் ஒட்டி வாழும் ஓடுடைய கடல் உயிரியில் பெரிய வகை ஒன்றின் தசைக்குள் அதைச் செலுத்தி, தசை சுருங்குவதற்கு முன்பே உள்ளே கால்சியம் ஏறுவதை ஒளியாகவே கண்டார்கள்.

நம் வலையில் வரும் சொறியிலும் இது இருக்குமா? (முட்டம்)

எல்லாச் சொறியும் ஒளிராது. நம் பக்கம் குவியலாக வரும் பெரிய சொறிகளில் சிலவற்றை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திக் கிழக்காசியாவுக்குச் சாப்பாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆராய்ச்சிக்கோ இன்று எந்தச் சொறியையும் பிடிக்க வேண்டாம். மரபணு கையில் இருக்கிறது, பாக்டீரியாவே புரதத்தைச் செய்து தரும்.

மனிதர்களுக்குப் புற்றுநோய் பார்க்கப் பயன்படுமா? (மார்த்தாண்டம், செவிலியர்)

நேரடியாக நோயாளிக்கு இல்லை சிஸ்டர். மரபணுவைச் செல்லில் புகுத்த வேண்டும், பச்சை ஒளியும் சதைக்குள் ஆழமாகப் போகாது. ஆனால் ஒளிரும் புற்றுச் செல்களை எலிக்குள் வைத்து, அவை எங்கே பரவுகின்றன, எந்த மருந்துக்குக் குறைகின்றன என்று பார்க்கிறார்கள். சிவப்பு ஒளி ஆழத்துக்குப் போகும் என்பதால், 1999இல் பவள வகை உயிரியிலிருந்து கிடைத்த சிவப்புப் புரதமும் அதன் வழிவந்தவையும் இங்கே அதிகம் உதவுகின்றன.

இறாலிலும் உண்டு என்கிறார்களே? (தேங்காப்பட்டணம்)

உண்டு. ஆப்ளோபோரஸ் என்ற ஆழ்கடல் இறால், எதிரி வந்தால் ஒளிரும் திரவத்தைக் கக்கும். அதன் லூசிஃபெரேஸைத் திருத்தி 2012இல் நானோலக் என்ற சிறிய, மிகப் பிரகாசமான நொதியைச் செய்தார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புப் புரதங்களின் வீரியத்தைச் சோதிக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள்.

ஜிஎஃப்பி மரபணுவைப் பிரித்தவர் வேன் ஓட்டினார் என்பது உண்மையா? (தக்கலை)

உண்மை. டக்ளஸ் பிராஷர் 1992இல் அந்த மரபணுவின் வரிசையை வெளியிட்டார். ஆராய்ச்சிக்கான நிதி நின்றுபோனதால் மரபணுவை சால்ஃபிக்கும் சியனுக்கும் கொடுத்துவிட்டார். நோபல் அறிவித்தபோது அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் அவரையும் அவர் மனைவியையும் தங்கள் செலவில் விழாவுக்கு அழைத்துப்போனார்கள். நிதி கிடைக்காமல் ஆய்வை விட்டுப்போகும் எங்கள் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

பள்ளியில் ஏதாவது செய்து பார்க்கலாமா? (இரணியல், ஒன்பதாம் வகுப்பு)

ஜிஎஃப்பிக்கு ஆய்வகம் வேண்டும் தம்பி. ஆனால் ஒரு பொருள் ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருவதை வகுப்பிலேயே பார்க்கலாம். ஒரு பிடிக் கீரையை நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டு. வகுப்பை இருட்டாக்கி, அந்தப் பச்சைச் சாற்றில் யுவி டார்ச் அடி. பச்சையம் ரத்தச் சிவப்பாக ஒளிரும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதே, ஸ்பிரிட் பக்கத்தில் தீ கூடாது, ஆசிரியர் கூட இருக்கட்டும்.