கேள்வி – பதில்: ழகரத்தை அளப்பது எப்படி?

கேள்வி: எம்.ஏ. மொழியியல் முதலாண்டு படிக்கிறேன். ஒலியியல் தாளின் செயல்திட்டத்துக்காக ஓர் ஆண் வலி, வளி, வழி என்று சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து, ‘பிராட்’ மென்பொருளில் அளந்தேன். ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் (வாய்வழியின் ஒத்ததிர்வு அதிர்வெண்) இறங்கும் என்றார்கள். எனக்கோ 3,100 ஹெர்ட்ஸ் வருகிறது. எங்கே பிழை?
– வாசகி, சிதம்பரம்

பதில்: பேசியவரைச் சந்தேகிக்கும் முன் திரையைப் பாருங்கள். ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் இறங்கி இரண்டாவதை ஒட்டி நிற்கும். ஆண் குரலில் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேகூடப் போகும். அவ்வளவு நெருக்கமாக இருந்தால் பிராட் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். நீங்கள் மூன்றாவது என்று குறித்தது அநேகமாக நான்காவது.

பிராட்டின் இயல்பான அமைப்பு 5,500 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து ஃபார்மன்ட். அது பெண் குரலுக்குப் பொருந்தும். ஆண் குரலுக்கு 5,000 வையுங்கள். அப்போதும் ஒட்டிக்கொண்டால் எண்ணிக்கையை 5.5 அல்லது 6 ஆக்குங்கள். ஃபார்மன்டைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள், ஸ்பெக்ட்ரோகிராமின் (ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்) கரும்பட்டைகள் மேல் விழுகின்றனவா என்று ஒவ்வொரு சொல்லிலும் பார்த்த பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். மாற்றிய அமைப்பை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

அகரம் முடிந்து ழகரம் தொடங்கும் கோட்டைத் தேட வேண்டாம். நாக்கு அண்ணத்தை அடைக்காததால் அப்படி ஒரு கூர்மையான எல்லை இல்லை. (தொல்காப்பியப் பிறப்பியல் ரகர ழகரங்களுக்கு ‘வருட’ என்றே சொல்கிறது.) மூன்றாவது ஃபார்மன்ட் மிகத் தாழும் புள்ளியில் அளந்தால் போதும்.

பதிவையும் திரும்பச் செய்வது நல்லது. கைப்பேசிச் செயலிகள் பல, இரைச்சலை நீக்குவதாக ஒலியையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன. அந்த வசதியை அணைத்துவிட்டு வேவ் கோப்பாக, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் பதியுங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. மைக் வாயிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் பகரத்தின் காற்று அதில் மோதும். அலையின் உச்சி வெட்டுப்பட்டால் அந்தப் பதிவைத் தேற்ற முடியாது.

மூன்று சொற்களையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னால் எவரும் வேண்டுமென்றே வேறுபடுத்துவார்கள். வேறு சொற்களோடு கலந்து, வாக்கியத்தில் வைத்து, ஐந்து முறையாவது சொல்ல வையுங்கள். ‘வழி என்று’ வேண்டாம். இடையில் யகரம் புகுந்து இகரத்தின் முடிவைக் குழப்பும். ‘இப்ப வழி சொல்லு’ சரிவரும். சாதாரணப் பேச்சில் அவர் பழத்தைப் ‘பளம்’ என்கிறாரா என்பதையும் முன்பே கவனியுங்கள். அப்படிச் சொன்னால் திருத்தாதீர்கள், அதுவும் ஒரு தரவுதான்.

கேள்வி: கேட்கும் ஒலியைக் குறியீடுகளில் எழுதும் ஒலிபெயர்ப்புத் தேர்வில் மதிப்பெண் குறைந்துகொண்டே போகிறது. எல்லாத் தமிழ் ஒலியும் எனக்குத் தெரிந்ததுதானே?
– வாசகர், கோவை

பதில்: தெரிந்த மொழி என்பதுதான் இடைஞ்சல். காது கேட்பதற்குள் கண் எழுத்தை நினைத்துவிடுகிறது. கல், தங்கம், பக்கம், பகல் ஆகிய நான்கிலும் எழுத்து ககரம்தான். முதலாவதில் குரல்நாண் அதிர்வு இல்லை. தொண்டையில் விரல் வைத்தால், தங்கத்தில் அது இருப்பது தெரியும். பக்கத்தில் அடைப்பு நீள்கிறது, பகலில் பலருக்கு அடைப்பே இல்லாமல் உரசலாகிவிடுகிறது. காசு என்பதன் ஈற்றில் உதடு குவிவதில்லை. கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். பேச்சில் ‘மரம்’ பெரும்பாலும் மூக்கொலி உயிராகவே முடிகிறது. குறியீடுகளை மனப்பாடம் செய்வது ஒரு வார வேலை. இந்தக் கேட்டல் பயிற்சிக்குத்தான் தினமும் கால்மணி நேரம் வேண்டும்.

கேள்வி: பி.ஏ. தமிழ் படித்தவள். ஒலியியலுக்கு இயற்பியல் எவ்வளவு வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அலை, அதிர்வெண், டெசிபல், ஒத்ததிர்வு. குரல்வளையில் மூடி உதட்டில் திறந்த 17.5 செ.மீ. குழாயாக ஆண் ஒருவரின் வாய்வழியைக் கொள்ளுங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 35,000 செ.மீ. அதைக் குழாயின் நீளத்தைப்போல் நான்கு மடங்கால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ், முதல் ஃபார்மன்ட். அடுத்தவை அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும்: 1,500, 2,500. பெண்களுக்குக் குழாய் குட்டை, அதனால் எண்கள் ஏறும். முதல் கேள்வியில் ஆண் குரலுக்கு வரம்பைக் குறைக்கச் சொன்னதும் இதனால்தான்.