ஐஇஎல்டிஎஸ் இல்லாம ஃபுல் ஸ்காலர்ஷிப்பா? நிலத்தை விக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் ராயக்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு அம்மாவும் பொண்ணும் மேல்படிப்பு பத்தி என்கிட்ட கேக்க வந்திருந்தாங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரத்தைக் கொஞ்சம் மாத்தித்தான் எழுதறேன். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டுற கடை, கூடவே ஒன்றரை ஏக்கர்ல தக்காளி. பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், பயோ மேத்ஸ் குரூப், பிளஸ் டூல நல்ல மார்க். நீட்டும் எழுதியிருக்கா, ஆனா ஆன்சர் கீயைப் பார்த்துட்டு இங்க சீட் வராதுன்னு அவளே சொல்லிட்டா.

அந்த அம்மா பையில இருந்து ஒரு லெட்டரை எடுத்து மேசை மேல வச்சாங்க. பெங்களூர்ல இருக்கற சித்தப்பா ஏற்பாடு பண்ண ஏஜென்ட் கொடுத்தது. வெளிநாட்டுல எம்பிபிஎஸ், ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட் வேண்டாம், ஸ்காலர்ஷிப் உண்டு, பதினைஞ்சு நாளுக்குள்ள ரெண்டு லட்சம் கட்டினா சீட் உறுதி. "நிலத்தை வித்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க சார், பாப்பா டாக்டர் ஆயிட்டா திரும்ப வாங்கிக்கலாமாம்"னு சொல்றப்பவே அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முதல்ல நானும் பயப்படாதீங்கக்கா, பாத்துக்கலாம்னு தான் சொன்னேன். லெட்டரை முழுசாப் படிச்சதுக்கு அப்புறம் அப்படிச் சொல்ல மனசு வரல.

ஏன்னா அந்த ஸ்காலர்ஷிப் முதல் வருஷ ஃபீஸ்ல கொடுக்கற ஒரு தள்ளுபடி, அவ்வளவு தான். ஹாஸ்டல், சாப்பாடு, டிக்கெட், ரெண்டாவது வருஷத்துல இருந்து முழு ஃபீஸ் எல்லாம் உங்க தலையில. உண்மையான முழு ஸ்காலர்ஷிப்ல ஒரு அரசாங்கமோ யுனிவர்சிட்டியோ உங்க பிள்ளைக்குப் பணம் கொடுக்கும், நீங்க யாருக்கும் சீட் புக்கிங்னு ரெண்டு லட்சம் கொடுக்க மாட்டீங்க, இந்த ஒண்ணை மட்டும் வச்சே இந்த மாதிரி லெட்டர்கள்ல பாதியைக் கிழிச்சுப் போட்டுடலாம்.

எம்பிபிஎஸ் விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுல படிச்சுட்டு இங்க டாக்டரா வேலை பார்க்கணும்னா நீட் குவாலிஃபை ஆகியிருக்கணும், 2021ல தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிப்படி குறைஞ்சது 54 மாசம் படிப்பு, அது போக 12 மாசம் அதே இடத்துல இன்டர்ன்ஷிப், எல்லாம் இங்கிலீஷ் மீடியத்துல, திரும்பி வந்து இங்க ஒரு ஸ்கிரீனிங் எக்ஸாம் பாஸ் பண்ணணும், அதுக்கு மேல இங்கயும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். சீக்கிரமா நிலத்தை மீட்கறதெல்லாம் நடக்கற காரியமே இல்லக்கா.

இவ்வளவு நேரமும் அந்தப் பொண்ணு வாயே திறக்கல. நீ என்னம்மா பண்ணுவ லீவு நாள்லன்னு கேட்டேன். "அப்பா கடையில உக்காருவேன் சார், சப்மெர்சிபிள் மோட்டார்ல எந்த காயில் போயிருக்குன்னு மீட்டர் வச்சு நானே பார்த்துச் சொல்லிடுவேன்"னா. சொல்றப்ப முகம் அப்படியே மாறிடுச்சு. டாக்டர் ஆகணும்னு உனக்கு ஆசையான்னு கேட்டா அம்மா முகத்தைப் பார்க்கறா. இதுல நான் யாருக்காகவும் விட்டுக் கொடுக்க மாட்டேன், சித்தப்பா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஆறு வருஷம் படிக்கப் போறது இவ தான்.

உள்ளூர் வழி உங்களுக்கே தெரியும், இன்ஜினியரிங் கவுன்சிலிங், பர்கூர், செட்டிக்கரை கவர்மெண்ட் காலேஜ், கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தா ஃபீஸை அரசாங்கமே கட்டுது. அதைக் கண்டிப்பா பதிவு பண்ணி வைங்க. ஜெர்மனி ஃப்ரீன்னு சொல்வாங்க, ஃபீஸ் இல்லாட்டியும் விசாவுக்கு 11,904 யூரோ அக்கவுண்ட்ல காட்டணும், பத்து லட்சத்துக்கு மேல. ஹங்கேரி அரசு ஸ்காலர்ஷிப் நிஜமானது தான், ஆனா டிகிரி பசங்களுக்கு மாசம் 43,700 ஃபோரின்ட், நம்ம காசுக்குப் பத்தாயிரம் சொச்சம், மிச்சத்துக்கு வீட்டுல இருந்து அனுப்பிட்டே இருக்கணும்.

நான் அவங்களுக்குச் சொன்னது வேற. ஜப்பான் அரசு கொடுக்கற மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப். பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு இதுல மூணு பிரிவு இருக்கு, டிகிரி, கோசென், தொழிற்பயிற்சிக் கல்லூரி. எல்லாரும் டிகிரியைத் தான் பார்ப்பாங்க, நடுவுல இருக்கற கோசென் பக்கம் நம்ம ஊர்ல யாரும் திரும்பிக்கூடப் பார்த்து நான் பார்த்ததில்ல.

கோசென்னா என்னன்னா, 1962ல இருந்து ஜப்பான்ல இருக்கற தொழில்நுட்பக் கல்லூரி. அந்த ஊர்ப் பசங்க பதினைஞ்சு வயசுல உள்ள போய் அஞ்சு வருஷம் படிப்பாங்க. அரசாங்கத்தோடது மட்டும் 51 இருக்கு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், கெமிக்கல், சிவில், கப்பல்னு பிரிவுகள். லேப்பும் ஒர்க்‌ஷாப்பும் தான் அங்க உயிர், 1988ல இருந்து கோசென் பசங்களுக்குன்னே ரோபோ போட்டி நடக்குது, ஊரே டிவியில பார்க்கும். மெக்ஸ்ட்ல போற நம்ம பிள்ளை முதல் வருஷம் முக்கியமா ஜப்பானிய மொழி படிக்கும், அப்புறம் நேரா மூணாவது வருஷத்துல சேர்ந்து மூணு வருஷம், ஆக மொத்தம் நாலு வருஷம், கப்பல் படிப்புக்கு மட்டும் ஆறு மாசம் கூட.

பணம் எப்படின்னா, ஃபீஸ் கிடையாது, போக வர ஃப்ளைட் டிக்கெட் அவங்களே கொடுத்துடறாங்க, மாசம் 117,000 யென் கையில, இப்போ இருக்கற ரேட்டுக்கு அறுபதாயிரத்துக்கு மேல வரும், அதுல ரூம் வாடகை சாப்பாடு எல்லாம் பார்த்துக்கணும். ஒரே ஒரு செலவை மறைக்க மாட்டேன். முதல் மாசப் பணம் உடனே வராது, அதனால ஆரம்பச் செலவுக்கு சுமார் 2,000 டாலர் எடுத்துட்டு வாங்கன்னு அவங்க வழிகாட்டிலயே சொல்லியிருக்கு. நம்ம காசுக்கு ஒண்ணே முக்கால் லட்சம் பக்கம். அந்த ரெண்டு லட்சத்தை ஏஜென்ட் கையில கொடுக்காம வச்சிருந்தீங்கன்னா இதுக்கு ஆகும்.

ஐஇஎல்டிஎஸ் வேண்டாம், சரி. அதுக்காக மொழியே வேண்டாம்னு நினைச்சுடாதீங்க, இந்த இடத்துல தான் நிறைய பேர் ஏமாறறாங்க. எழுத்துத் தேர்வுல இங்கிலீஷ் பேப்பர் உண்டு, கணக்கு உண்டு, ஃபிசிக்ஸ் இல்லன்னா கெமிஸ்ட்ரி ஒண்ணு, ஜப்பானிய மொழிப் பேப்பரும் உக்காந்து எழுதணும், அதுல தெரிஞ்சது எழுதினா போதும், ஏன்னா போனதுக்கு அப்புறம் அவங்களே கத்துக் கொடுக்கறாங்க. கேள்வியெல்லாம் இங்கிலீஷ்ல வரும், அதனால தமிழ் மீடியம் பிள்ளைங்க விசை, முடுக்கம், தூண்டல் இதுக்கெல்லாம் இங்கிலீஷ் வார்த்தையை இப்பவே ஒரு நோட்டுல எழுதிப் பழகணும். பழைய கேள்வித்தாள் எல்லாம் ஸ்டடி இன் ஜப்பான்னு அவங்க அரசு தளத்துல ஃப்ரீயா இருக்கு, டவுன்லோட் பண்ணுங்க, யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

"ஜப்பான் பாஷை எல்லாம் இவளுக்கு வருமா சார்"னு அம்மா கேட்டாங்க. வீட்டுல என்ன பேசுவீங்கன்னு கேட்டேன். தெலுங்கு. கடைக்கு வர்றவங்க? கன்னடமும் வரும். ஸ்கூல்ல தமிழ். பதினேழு வயசுல மூணு பாஷை பேசற பொண்ணை வச்சுட்டு பாஷை வருமான்னு கேக்கறீங்களேக்கா! அதுவும் ஜப்பானிய மொழியில வார்த்தை வரிசை நம்ம வரிசை மாதிரியே தான். "நான் ஸ்கூலுக்குப் போறேன்"ங்கறதை "வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்"னு சொல்வாங்க, நான், ஸ்கூல், கு, போறேன், அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணு உக்காரும். கஷ்டம் எழுத்துல தான், ஹிராகானா 46, கட்டகானா 46, அதை ஒரு மாசத்துல முடிச்சுடலாம், காஞ்சி எழுத்து மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல, அது வருஷக் கணக்குல ஆகும். ஜப்பான் ஃபவுண்டேஷன் போட்ட இரோடோரி புத்தகம் நெட்ல ஃப்ரீ, அதுல ஆரம்பிக்கட்டும்.

சித்தப்பா கண்டிப்பா "டிப்ளமோ தானே"ன்னு சொல்வாரு. ஆமா, கோசென் முடிச்சா கையில முழு டிகிரி இருக்காது, அதை நான் மறைச்சுப் பேசல. ஆனா முடிச்சவங்க யுனிவர்சிட்டியில நேரா மூணாவது வருஷம் சேரலாம், கோசென் பசங்களை எடுக்கறதுக்குன்னே 1976ல நாகவோகாலயும் டொயோஹாஷிலயும் ரெண்டு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சாங்க, ஸ்காலர்ஷிப்பை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் வழி இருக்கு, அது தேர்வு பண்ணித் தான் கொடுப்பாங்க. மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்தே வளர்ந்த பொண்ணுக்கு இதை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியல.

கிடைக்குமான்னு கேட்டா உறுதி சொல்ல மாட்டேன், இந்தியா முழுக்க இருந்து எழுதறாங்க, எடுக்கறது ரொம்பக் கொஞ்சப் பேர், எழுத்துத் தேர்வு, அப்புறம் இன்டர்வியூ, அப்புறம் ஜப்பான்லயும் ஒரு பரிசீலனை. தேர்வானா அடுத்த ஏப்ரல்ல தான் கிளம்பணும். அதனால இந்த வருஷம் இங்க கவர்மெண்ட் காலேஜ்ல சேர்ந்துட்டு எழுதட்டும், கிடைக்கலன்னா காலேஜ் அப்படியே இருக்கும், 25 வயசுக்குள்ள மறுபடியும் எழுதலாம், நிலமும் இருக்கும்.

நேத்து அந்த அம்மா போன் பண்ணாங்க. லெட்டரைத் திருப்பிக் கொடுத்துட்டோம், வீட்டுல ஒரே சண்டை, சித்தப்பா பேசறதில்லன்னாங்க. அவர் பேசுவாரு, கொஞ்ச நாள் ஆகட்டும்னு சொல்லிட்டு, பாஸ்போர்ட் வேலையை முதல்ல ஆரம்பிக்கச் சொன்னேன். பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, ஸ்கூல் டிசியில பேர்ல ஒரு எழுத்து வேற, நம்ம பிள்ளைங்க பாதிப் பேருக்கு இதே கதை தான், கடைசி நேரத்துல இதுல தான் மாட்டுவாங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரி பேர் வந்ததுக்கு அப்புறம் ஃபார்மைத் தொடுங்க. சென்னையில ஜப்பான் தூதரக அலுவலகம் இருக்கு, அறிவிப்பை அவங்க தளத்துல மட்டும் பாருங்கன்னேன். சரி சார்னாங்க. பின்னாடி அந்தப் பொண்ணு யாருக்கோ "வதாஷி வா"ன்னு சொல்லிக் காட்டிட்டு இருந்தது போன்லயே கேட்டுச்சு.