பள்ளிக்கூடத்துப் பொங்கல், கும்மி, குடில்: வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டுப் பக்கமுள்ள கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் விழாக்கள் குறித்து எழுதிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் 400 பிள்ளைகளுக்குச் சமத்துவப் பொங்கல் வைக்கிறோம். போன ஆண்டு இரண்டு மண்பானைகள் விரிசல் விட்டன. அண்டாவில் வைத்த பொங்கலில் அரிசி விறைத்துக்கொண்டு வேகவே இல்லை. எங்கே தவறு? – ஆசிரியை, தேவகோட்டை

அரிசி விறைத்ததற்கு அநேகமாக வெல்லம்தான் காரணம். அரிசி முழுக்க வேகுமுன் வெல்லம் விழுந்துவிட்டால், அதற்குமேல் எத்தனை விறகு வைத்தாலும் அரிசி மலராது. ஒரு பருக்கையை விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். அதன் பிறகுதான் பாகு. வெல்லத்தை அப்படியே தட்டிப் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் சொல்கிறோம் என்று தெரியும். பாகை ஊற்றும்போது தீயைத் தணித்துவிடுங்கள். வெல்லத்தில் புளிப்பு இருந்தால், கொதிக்கிற பாலில் பட்டதும் திரிந்துபோகும்.

400 பேருக்கு ஆளுக்கு ஒரு தொன்னை என்று வைத்தால் பச்சரிசி 8 கிலோ, லேசாக வறுத்த பாசிப்பருப்பு 2 கிலோ, வெல்லம் 12 கிலோ, பால் 5 லிட்டர், நெய் 2 கிலோ, முந்திரி 1 கிலோ, திராட்சை அரை கிலோ, ஏலக்காய் 50 கிராம், பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை. பிள்ளைகளைப் பிரித்திருக்கும் நாலு ஹவுஸுக்கும் (அணிக்கும்) ஒரு கிலோ அரிசி வீதம் நாலு மண்பானை, மீதி 4 கிலோ அண்டாவில். அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் தண்ணீர் நாலு பங்கு. பழைய அரிசி இன்னும் அரைப் பங்கு குடிக்கும். புது அரிசி சீக்கிரம் குழையும், அதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பானை 10 லிட்டர் கொள்ளளவுக்குக் குறைய வேண்டாம். வாங்கியதும் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் அரிசி களைந்த நீரை நிரப்பிச் சின்னத் தீயில் ஒரு முறை காய்ச்சி ஆறவிட்டால் மண்வாடை போகும், பானையும் பதப்படும். விரிசல் இரண்டு வழியில் வரும். ஒன்று, விறகை ஒரு பக்கமாகவே திணிப்பது. இன்னொன்று, கொதிக்கிற பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது. போன ஆண்டு தண்ணீர் வற்றிவிட்டதே என்று யாரோ குடத்தோடு சாய்த்திருப்பார்கள். பானையைக் கழுத்தளவு நிரப்பிப் பொங்கவிட்டு, பிறகு பாதியை மொண்டு தனியே வைத்துக்கொண்டுதான் அரிசி போட வேண்டும். வற்ற வற்ற அந்தச் சுடுநீரையே ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் பொங்கி வழியாது, பால்தான் நுரைத்து வழியும். ஆகவே பானைக்கு அரை லிட்டர் பாலாவது முதலிலேயே சேருங்கள். பொங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். சிறப்பு விருந்தினர் வரும் நேரத்தை வைத்து அடுப்பு மூட்டும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

தை பிறக்கும் நேரத்தில் இங்கே வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். அடுப்புகளைக் காற்றுக்குக் குறுக்காக ஒரே வரிசையில், எட்டடி இடைவெளி விட்டு வையுங்கள். காற்றின் போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் முதல் அடுப்பின் புகையும் பொறியும் அடுத்த அடுப்புக்காரர் முகத்தில்தான். விறகு தள்ளுவது பெரியவர்கள் வேலை. பாவாடை தாவணியில் வரும் பெண்பிள்ளைகளை அடுப்பருகே நிறுத்தாதீர்கள், நைலெக்ஸ் போன்ற செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு டீச்சர்கள் பொங்கல் வைக்க, 400 பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பதில் சமத்துவம் எங்கே இருக்கிறது? ஆறாம் வகுப்பு மாவிலைத் தோரணம் கட்டட்டும். ஏழாம் வகுப்பு ஏலக்காய் தட்டி, வெல்லம் நுணுக்கட்டும். எட்டாம் வகுப்புக்குக் கோலம். ஒன்பதாம் வகுப்பு பானைக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசி, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டட்டும். விடுதிப் பிள்ளைகள் பலர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், அடுப்புப் பக்குவம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேளுங்கள். முதல் பானையில் அரிசி இடுவதற்குப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவை அழையுங்கள், தாளாளர் ஃபாதர் பக்கத்தில் நிற்கட்டும்.

எங்கள் வீட்டுப் பெண் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். பொங்கல் விழாவில் ஃபாதர் வந்து ஜெபித்து, பொங்கலை மந்திரிக்கிறார் (ஆசீர்வதிக்கிறார்). நாங்கள் சூரியனுக்குப் படைக்கிற குடும்பம். சம்பிரதாயம் கெடுமோ என்று அவள் அப்பத்தா வருத்தப்படுகிறார். – ஒரு தாய், காரைக்குடி

அப்பத்தாவின் மனசு புரிகிறது. விளைந்ததற்கு நன்றி சொல்வதுதான் பொங்கல், அதைக் கத்தோலிக்கக் குடும்பங்களும் கோயில் வளாகத்தில் பானை வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஃபாதர் செய்வது உணவின்மேல் ஒரு சின்ன ஜெபம். பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் புனிதமானதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எழுதியே வைத்திருக்கிறது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், சம்மதம் இல்லாத யாரையும் வழிபாட்டிலோ மறைக்கல்வியிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. பிள்ளை சிறியவள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஜெப நேரத்தில் மகள் கைகட்டி அமைதியாக நின்றால் போதும். வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பொங்கலை மட்டும் சாப்பிடாமல் வந்துவிட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் தோழிக்கு அது வலிக்கும்.

பள்ளி வாசலில் செட்டிநாட்டு மாக்கோலம் போட ஆசை. சிமெண்டுத் தரையில் காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறது. – மாணவிகள், பள்ளத்தூர்

ஆத்தங்குடிக் கல் (இப்பக்கத்து வழவழப்பான தரைக்கல்) பதித்த தரையில் மாக்கோலம் தடையில்லாமல் வரும். பள்ளி வாசல் சிமெண்டில் புழுதி படிந்திருக்கும், மாவு அந்தப் புழுதியைத்தான் பிடிக்கும், தரையைப் பிடிக்காது. அதுதான் உதிர்கிறது. முதல் நாள் மாலையில் தேய்த்துக் கழுவி ஈரம் காய்ந்ததும் போடுங்கள். பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரையுங்கள். திப்பி இருந்தால் கோடு அறுந்து அறுந்து விழும். தோசை மாவைவிட நீர்க்கவும் பாலைவிடக் கெட்டியாகவும் கரைத்துக்கொண்டு, சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியே மாவு இறங்கும். போடும்போது மங்கலாகத் தெரிகிறதே என்று மேலே மேலே பூசாதீர்கள். காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். தடித்த கோடுதான் முதலில் பெயர்ந்து வரும். காவியை மறுநாள் காலையில் இடுங்கள், ஈரத்தோடு இட்டால் வெள்ளையில் கலந்துவிடும். கை பழக வேண்டும் என்றால், நடுவீட்டுக் கோலம் போடத் தெரிந்த ஆச்சி ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துவந்து ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள்.

ஆண்டு விழாவில் ஒயிலாட்டமும் கும்மியும் வைத்திருக்கிறோம். 60 பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆடை வாடகைக்குக் காசு கேட்டதும் 15 பேர் விலகிவிட்டார்கள். – ஆசிரியர், புதுவயல்

அந்த 15 பேரைத் திரும்ப அழைப்பதுதான் முதல் வேலை. ஆடை வாடகை என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். ஒயிலாட்டத்துக்கு வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன், தலைப்பாகை, கையில் வண்ணத் துணி போதும். ஒரே நிறத் துணியை மொத்தமாக வாங்கிப் பள்ளியிலேயே கிழித்து, ஓரம் அடித்து வைத்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்கு வரும். கும்மிக்கு வீட்டிலிருக்கும் கண்டாங்கிச் சேலைகளைக் கேட்டு வாங்குங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, பட்டைக்கரையும் கட்டமுமாக அதைவிடப் பாந்தமான ஆடை இந்த ஊர் மேடைக்கு வேறில்லை. ஆச்சிகளின் பழைய சேலையில் ஊக்கு குத்தாதீர்கள், இழுபட்டால் நூல் பிரிந்து கிழியும். இடுப்பில் கயிறு கட்டிச் செருகிவிடுங்கள். யார் வீட்டுச் சேலை என்று சீட்டு எழுதி வைத்து, துவைத்துத் திருப்பிக் கொடுங்கள். சேலை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வீட்டுச் சேலை போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

முப்பதடிக்கு இருபதடி மேடையில் ஒயிலாட்டம் 16 பேருக்குமேல் தாங்காது. எட்டு எட்டாக இரண்டு வரிசை நிற்கட்டும். மீதி 44 பேரும் மேடைக்கு முன்னால் மைதானத்தில், இரண்டு வட்டமாகக் கும்மி அடிக்கட்டும். அங்கே ஒரு சிக்கல் வரும். மைக் செட்டுக்காரர் ஒலிபெருக்கியை மைதானத்தின் இரு கோடியிலும் கட்டிவிடுவார். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் பத்தில் ஒரு நொடி பிந்திக் கேட்கும். கைத்தட்டு சிதற அது போதும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. தவிலையோ பறையையோ வட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு எல்லா வகுப்பும் தெர்மாகோல்தான் வாங்குகிறது. மாற்று வழி உண்டா? – தலைமை ஆசிரியை, கண்டனூர்

போட்டி விதியிலேயே ‘கடையில் வாங்கிய பொருள் கூடாது’ என்று சேர்த்துவிடுங்கள். பனையோலை, வைக்கோல், செம்மண், உடைந்த ஓடு எல்லாம் இங்கே கிடைக்கும். கொட்டான் (ஓலைக்கூடை) முடையத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஓலைக்கூரையை அந்தப் பிள்ளை வேய்ந்துவிடும். பசுமைக்கு முளைப்பாரி முறைதான். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, மணலும் மக்கிய சாணமும் கலந்த தட்டில் பத்து நாள் முன்னதாக நெருக்கமாகத் தூவி, தினமும் தண்ணீர் தெளியுங்கள். முளைப்பாரிக்கு இருட்டில் வைப்பார்கள், நாற்று மஞ்சளாக வரும். குடிலுக்குப் பச்சை வேண்டும், அதனால் முளை வந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்புதான் முடிகிறது. அதற்கேற்ப நாளை எண்ணி விதைக்க வேண்டும். சீரியல் விளக்கை வைக்கோலின்மேல் படரவிடாதீர்கள், மூங்கில் சட்டத்தில் கட்டுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மழை ஈரத்தில் ஷாக் அடிக்கும்.

அருளானந்தர் திருநாளைப் பள்ளியில் கொண்டாட நினைக்கிறோம். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வோடு மோதுகிறது. – உதவித் தலைமை ஆசிரியர், சிவகங்கை

ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் மறவர் சீமையில் (ராமநாதபுரப் பகுதி) ஓரியூரில் உயிர் நீத்த நாள் 1693 பிப்ரவரி 4. நாளை மாற்ற வேண்டாம், அளவைக் குறையுங்கள். காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும். லிஸ்பனில் பிறந்தவர் காவி கட்டித் தமிழ்த் துறவியாக வாழ்ந்த வரலாற்றை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லட்டும். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓரியூருக்கு அழைத்துப்போவதானால் திருநாளன்று வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணவே முடியாது. ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்து, ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளை மட்டும் கூட்டிச் செல்லுங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் ஆய்வகத்தில் இருக்கட்டும்.